ஒரு பயணம், மூன்று எசமானர்கள்!

விடியற்காலை நாலரை மணி. பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளிலே பாதி வீட்டில் விளக்கு எரிகிறது. மறுபாதி இன்னும் உறக்கத்தில். ஆனால் பஸ் நிறுத்தத்திலே கூட்டம் சேர்ந்துவிட்டது. தூக்குச் சட்டியுடன் நிற்கும் தாய்மார்கள், கொல்லறுக் கரண்டியைச் சாக்குப்பையில் சுற்றி வைத்திருக்கும் கொத்தனார், இரவுக் காவலுக்குப் போனவரை மாற்றிவிடப் போகும் பகல் காவலர்! மயிலாப்பூருக்குப் போக வேண்டும் ஒருவருக்கு. நுங்கம்பாக்கத்துக்குப் போக வேண்டும் மற்றொருவருக்கு. ஏழு மணிக்குள் போய்ச் சேராவிட்டால், "நாளை முதல் வர வேண்டாம்" என்று சொல்லிவிட வீட்டு எசமானி காத்திருக்கிறாள், மேஸ்திரி காத்திருக்கிறார். பஸ் மட்டும்தான் காத்திருப்பதில்லை. அதற்காகத்தான் இவர்கள் காத்திருக்கிறார்கள்!

இவர்கள் பெரும்பாக்கத்திலே பிறந்தவர்களா? இல்லை. கூவக் கரையிலும் அடையாற்றங் கரையிலும், நகரின் நடுவயிற்றிலே குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். வேலை செய்யும் இடத்துக்கு நடந்தே போனவர்கள். "ஆற்றங்கரை ஆபத்து, குடிசை நாற்றம், கல் வீடு தருகிறோம்" என்று அழைத்துச் சென்றார்கள். கண்ணகி நகர் என்றார்கள் 2000ஆம் ஆண்டில். பிறகு செம்மஞ்சேரி என்றார்கள். பிறகு பெரும்பாக்கம் என்றார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். வீடு வந்தது, மறுக்கவில்லை. வெயிலுக்கும் மழைக்கும் கூரை கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால், வீட்டைக் கட்டியவர் ஒருவர், பஸ்ஸை விடுபவர் வேறொருவர், இரயிலை ஓட்டுபவர் மூன்றாமவர். முதலாமவர் மனிதர்களை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குடியேற்றியபோது, மற்ற இருவரையும் பக்கத்திலே உட்கார வைத்து, "இத்தனை குடும்பம் அங்கே போகிறது, விடிந்தால் இத்தனை பேர் திரும்ப நகரத்துக்குள் வரவேண்டும், எப்படி அழைத்து வரப் போகிறோம்?" என்று கேட்டுத் தீர்த்துவிட்டா குடியேற்றினார்?

அந்தக் கேள்வியை அன்றே கேட்டிருந்தால், நாலரை மணிக்கு அந்தத் தாய் எழுந்திருக்க வேண்டியதில்லை. ஐந்தரைக்கு எழுந்திருப்பாள். ஒரு மணி நேரத் தூக்கம்! பெரிய மனிதர்களுக்கு அது அற்பம். பாட்டாளிக்கு அது உடம்பு.

எந்தக் கட்சியின் ஆட்சியில் எத்தனை வீடு என்று பிரித்துப் பார்த்து நாம் இதை எழுதவில்லை. மாறி மாறி வந்த ஆட்சிகள் எல்லாவற்றிலும் நடந்த தவறு இது. நாம் பேசுவது, இந்தப் பெருநகரத்தில் 'யார் தீர்மானிப்பது?' என்ற ஒரே கேள்வியைப் பற்றி.

சென்னையிலே பயணம் செய்யும் ஒரு தொழிலாளியைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள், தோழர்களே! தெருமுனையில் அவன் நிற்கும் நிழற்குடை மாநகராட்சியுடையது. அவன் ஏறும் பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. பஸ் ஓடும் சாலை ஓரிடத்தில் மாநகராட்சியுடையது, ஓரிடத்தில் நெடுஞ்சாலைத் துறையுடையது, இன்னோரிடத்தில் டில்லியின் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. பஸ்ஸை நிறுத்தும் சிவப்பு விளக்கு போலீசுடையது. இறங்கி மின்சார இரயில் ஏறினால் அது மத்திய சர்க்காருடையது. மெட்ரோ ஏறினால் மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் பாதிப் பாதி பங்கு போட்ட கம்பெனியுடையது. பயணம் ஒன்று. பயணி ஒருவன். எசமானர்கள் மூவர் என்று தலைப்பில் எழுதினோமே, அது நமது தாராளம்; எண்ணிப் பார்த்தால் அதைவிட அதிகம்!

இந்த எசமானர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கென்றே ஓர் அமைப்பு வேண்டும் என்பது நேற்றுத் தோன்றிய எண்ணமல்ல. 2010ஆம் ஆண்டிலேயே சட்டமன்றத்தில் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று பெயரும் வைத்தார்கள். பெயர் நீளமானது. ஆனால் பெயரைவிட நீளமானது அதன் உறக்கம்! 2010இல் பிறந்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019இல். முதலமைச்சர் தலைமையில் குழுமம் கூடியது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள்! 2010இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, 2022இல் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிப் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டான்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நகரம் உறங்கிக்கொண்டிருந்ததா? பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் ஆலைகள் பெருகின. 1189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பரப்பை, 5904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022 அக்டோபரில் ஆணை பிறந்தது. அதாவது, ஏறக்குறைய ஐந்து மடங்கு! அரக்கோணத்துப் பக்கத்து உழவனும் இப்போது பெருநகரத்தான். மகிழ்ச்சிதான். ஆனால் பெருநகரத்தானுக்குப் பெருநகரப் பஸ் உண்டா என்று அவன் கேட்பானே, அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே!

ஒன்றுகூடித் திட்டமிடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் எங்கும் போய்ச் சான்று தேட வேண்டாம். பறக்கும் இரயில் என்று மக்கள் பெயர் வைத்தார்களே, அதன் கதையைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல் வந்தது. மயிலாப்பூருக்கு 1997இல் வந்தது. திருவான்மியூருக்கு 2004இல் வந்தது. வேளச்சேரிக்கு 2007இல் வந்தது. பத்தொன்பது கிலோமீட்டர் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள்! 'பறக்கும்' இரயிலாம்!

பாதை பெரும்பகுதியும் பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேயே போகிறது. ஏன் என்று யோசித்ததுண்டா? மக்கள் அங்கேதான் அதிகம் போகிறார்கள் என்பதாலா? அல்ல. கால்வாய் சர்க்கார் நிலம். வீடு இடிக்க வேண்டாம், வழக்குக்குப் போக வேண்டாம், நட்டஈடு கொடுக்க வேண்டாம். நிலம் எளிதாகக் கிடைத்த இடத்தில் இரயில் போயிற்று. மக்கள் இருக்கும் இடத்தில் பஸ் போயிற்று. இரண்டும் சந்தித்துக்கொள்ளவில்லை. மாளிகை போல நிலையங்களைக் கட்டினார்கள். மாளிகையின் வாசலுக்குப் பஸ் வரவில்லை. பகலிலே அந்த நிலையங்களின் மாடிப்படிகளில் ஆள் நடமாட்டமில்லை. இரவிலே பெண்கள் ஏறத் தயங்கினார்கள். கால்வாய்க்குள் தூணை இறக்கியதால் வெள்ளநீர் வடிய வழி குறுகிப் போனது வேறு!

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் நீட்டிவிட்டால், தாம்பரம் மின்சார இரயிலோடும் மெட்ரோவோடும் அந்தப் பாதை கைகோத்துக்கொள்ளும். தெற்கே உள்ளவன் நகரத்துக்குள் வர மூன்று வழி பிறக்கும். 2008இல் வேலை தொடங்கினார்கள். ஆதம்பாக்கத்தில் சிறிதளவு நிலம். அதன் மேல் வழக்கு. 2024 முடிந்தபோதும் அந்த ஐந்து கிலோமீட்டரில் பயணிகள் இரயில் ஓடவில்லை. நிலத்துக்கு நியாயமான விலை கேட்டவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. அவர்களோடு தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசி முடிக்கும் பொறுப்பு யாருடையது என்பதே ஆண்டுக்கணக்கில் தெளிவாகாமல் கிடந்ததே, அதன் மேல்தான் கோபம். இரயில்வே மாநிலத்தைக் காட்டும். மாநிலம் வழக்கைக் காட்டும். வழக்கு காலத்தைக் காட்டும். பயணி மட்டும் யாரையும் காட்ட முடியாமல் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துவான்!

ஷேர் ஆட்டோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தத் திட்ட அலுவலகமும் வரையாத வழித்தடங்களை இந்த நகரத்தில் வரைந்தவர்கள் அந்த ஓட்டுநர்கள். இரயில் நிலையத்துக்கும் பஸ் போகாத தெருவுக்கும் இடையே எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு கொடுத்துப் போவார்கள் என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் யார்? அவர்களுக்கு அபராதம் போட்டார்களே தவிர, அழைத்து ஒரு வார்த்தை கேட்டார்களா?

டில்லிக்கு வருவோம். இரயில்வே என்பது அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. சாலை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் தொலைதூரத்துக்கு ஓடும் எக்ஸ்பிரசுகளை நினைத்து எழுதினார்கள் போலும். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குக் கூலி வேலைக்குப் போகிறவனின் வண்டியும் அதே பட்டியலில் அகப்பட்டுக்கொண்டது. 1931இலேயே மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய வழித்தடம் அது. இன்றளவும் அதில் காலையில் கூடுதலாக ஒரு வண்டி விட வேண்டுமென்றால், சென்னை மாநகரத்து மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு அதிகாரமில்லை. கோட்டையிலே இருக்கும் ஆட்சிக்கும் அதிகாரமில்லை. மனுக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் என்ன ஆயிற்று? மூன்று வழித்தடம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சரே வந்து அடிக்கல் நாட்டினார். மாலை விழுந்தது, கைதட்டல் விழுந்தது. மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் விழுந்ததோ 2024 அக்டோபரில்! நடுவே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். மண்ணைத் தோண்டும் இயந்திரம் நிற்கக் கூடாதே என்று மாநில அரசு தன் கருவூலத்திலிருந்தும் கடனிலிருந்தும் எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அடிக்கல்லுக்கும் கையெழுத்துக்கும் இடையே நான்கு ஆண்டு என்றால், அந்தச் சுமை எந்தப் பள்ளிக்கூடத்தின் கூரையில், எந்த மருத்துவமனையின் கட்டிலில் போய் இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இதற்கு எதிரே இன்னொரு காட்சியை வைத்துப் பாருங்கள். 2021 மே 7. புதிய ஆட்சி பொறுப்பேற்ற நாள். சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அன்றே கையெழுத்து. மறுநாளே தாய்மார்கள் பணம் கொடுக்காமல் பஸ் ஏறினார்கள். ஒரே நாள்! ஏன் முடிந்தது? பஸ் நம்முடையது. பணம் நம்முடையது. தீர்மானிக்கும் கை நம்முடையது. அதே தாய், பஸ்ஸிலிருந்து இறங்கி மின்சார இரயில் ஏறும்போது பணம் கொடுக்கிறாள். அங்கே தீர்மானிக்கும் கை வேறு.

கடல் கடந்த ஒரு கதையும் நம் தோழர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. இலண்டன் மாநகரம் முழுமைக்கும் ஒரு மன்றம் இருந்தது. 1981 மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி, "பஸ், சுரங்க இரயில் கட்டணங்களைக் குறைப்போம், வரும் குறைவைச் சொத்துவரியிலிருந்து ஈடுகட்டுவோம்" என்று சொல்லி வென்றது. சொன்னபடியே அக்டோபரில் கட்டணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மக்கள் கார்களை வீட்டில் விட்டுவிட்டு வண்டி ஏறினார்கள். உடனே, பிராம்லி என்ற வசதி படைத்த புறநகர் மன்றம், "எங்கள் பக்கத்தில் சுரங்க இரயிலே இல்லை, நாங்கள் ஏன் வரி கொடுக்க வேண்டும்?" என்று நீதிமன்றம் ஏறியது. 1981 டிசம்பரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், கட்டணக் குறைப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். 1982 மார்ச்சில் கட்டணம் இரட்டிப்பானது!

அந்த மன்றம் சோர்ந்துவிடவில்லை. சட்டத்துக்கு உட்பட்ட வழி தேடி, 1983இல் மறுபடியும் கட்டணத்தைக் குறைத்தது. பஸ்ஸுக்கும் சுரங்க இரயிலுக்கும் ஒரே சீட்டு என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. தாட்சர் அம்மையாரின் அரசு பொறுக்குமா? 1984இல் போக்குவரத்தைப் பறித்துக்கொண்டது. 1986இல் மன்றத்தையே கலைத்தது. பதினான்கு ஆண்டுகள் அந்தப் பெருநகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை இல்லை. கடைசியில் என்ன ஆயிற்று? 2000ஆம் ஆண்டில் மேயர் பதவியை உண்டாக்கி, பஸ்ஸையும் முக்கியச் சாலைகளையும் அவர் கீழ் ஒரே அமைப்பில் வைத்தார்கள்; சில ஆண்டுகளில் சுரங்க இரயிலும் அதில் சேர்ந்தது. முதல் மேயராக வந்தவர் யார் தெரியுமா? கலைக்கப்பட்ட மன்றத்தின் தலைவராக இருந்த அதே கென் லிவிங்ஸ்டன்!

நம் ஊரில் ஒரே சீட்டு 2025 செப்டம்பரில் வந்தது. 'சென்னை ஒன்று' என்ற கைப்பேசிச் செயலி. பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் மின்சார இரயிலுக்கும் அதிலேயே சீட்டு வாங்கலாம். உறங்கிய குழுமம் விழித்ததன் அடையாளம் அது, பாராட்டுகிறோம். ஆனால் சீட்டு ஒன்றானது போல, நேரம் ஒன்றானதா? இரவு பத்தரை இரயிலில் வந்து இறங்குகிறவனுக்குப் பத்தே முக்காலுக்கு நிலைய வாசலில் பஸ் நிற்கிறதா? கைப்பேசியில் சீட்டு இருந்து, தெருவில் பஸ் இல்லாவிட்டால், அந்தச் சீட்டைக் காட்டி எந்த வாசற்கதவைத் திறப்பது?

டில்லியைச் சாடிவிட்டு நாம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட முடியாது. நம் கையில் இருப்பதை நாம் எப்படிச் செய்கிறோம் என்றும் கேட்டாக வேண்டும். கிளாம்பாக்கத்தைக் கேட்போம். 2023 டிசம்பர் 30இல் புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். அழகான நிலையம், விசாலமான நிலையம், குறை சொல்லவில்லை. கோயம்பேட்டிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தெற்கே. தென்மாவட்டத்து வெளியூர் பஸ்கள் நகரத்துக்குள் வந்து நெரிசல் உண்டாக்கக் கூடாது என்பது நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் நிலையத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கத்திலேயே இருப்புப்பாதை ஓடுகிறது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே புதிதாக ஓர் இரயில் நிலையம் கட்டிவிட்டால், திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்குகிறவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே இரயில் ஏறியிருப்பான். பஸ் நிலையம் திறந்த அன்று அந்த இரயில் நிலையம் இல்லை. அதை அடைய மேம்பாலமும் இல்லை. கைக்குழந்தையும் அரிசி மூட்டையுமாக வந்தவர்கள், வெளியூர் பஸ்ஸுக்குக் கொடுத்ததைவிட அதிகமாக அங்கிருந்து வீடு சேர ஆட்டோவுக்குக் கொடுத்தார்கள். இரயில் நிலையம் கட்டும் பொறுப்பு இரயில்வேயுடையது என்பது உண்மை. அது வரும் வரை நகரப் பஸ்ஸை வேண்டிய அளவு விட்டிருக்கலாம் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மைக்கு டில்லியின் கையெழுத்து தேவையில்லை.

மெட்ரோவில் நாள்தோறும் போகிறவர்கள் 2024இல் ஏறக்குறைய மூன்று இலட்சம். மாநகரப் பஸ்ஸில் போகிறவர்கள் முப்பது இலட்சத்துக்கும் மேல். பத்து மடங்கு! ஆனால் அமைச்சர்களின் உரையில், பத்திரிகைகளின் படங்களில், அதிகாரிகளின் அயல்நாட்டுப் பயணங்களில் மெட்ரோவுக்கு எவ்வளவு இடம், பஸ்ஸுக்கு எவ்வளவு இடம்? மெட்ரோ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளம் தோண்டிய நாளில் மூக்கைச் சிந்தியவர்களும் இன்று குளிர்ந்த பெட்டியில் போகிறார்கள். நாம் சொல்வது, அந்த முப்பது இலட்சம் பேரின் பஸ்ஸுக்குச் சாலையிலே ஒரு தனித்தடம் வரையக்கூட மனமில்லாதிருக்கிறதே என்பது. ஐம்பது பேரைச் சுமக்கும் பஸ், ஒரே ஒருவரைச் சுமக்கும் காருக்குப் பின்னே நின்று ஆரன் அடித்துக்கொண்டிருக்கிறது. சாலையை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதும் ஒரு சமூகநீதிக் கேள்விதான். அந்தப் பங்கீட்டை வெள்ளைப் பெயிண்டால் செய்துவிடலாம். 63,246 கோடி தேவையில்லை.

ஆகவே குழுமத்துக்கு நாம் சொல்வது இது. வரைபடம் போதாது, வரவு செலவு அதிகாரம் வேண்டும். எந்த வழித்தடத்தில் எத்தனை பஸ், எந்த இரயிலோடு எந்த பஸ் இணைவது, எந்தக் குடியிருப்பு எழும்பும் முன்னே எந்த வண்டி ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கவும், தீர்மானித்ததைத் துறைகள் செய்யாவிட்டால் கேட்கவும் அதிகாரம் வேண்டும். ஆயிரம் வீட்டுக்கு மேல் கட்டும் எந்தத் திட்டமும் அந்தக் குழுமத்தின் ஒப்புதல் பெறாமல் அடித்தளம் போடக்கூடாது. புறநகர் இரயிலை நடத்தும் முடிவுகளில் மாநிலத்துக்குச் சரிசமமான குரல் வேண்டும். அதற்குப் பாராளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் குரல் எழுப்ப வேண்டும். குழுமத்தின் மேசையைச் சுற்றி அமைச்சர்கள் இருக்கட்டும், அதிகாரிகள் இருக்கட்டும், நிபுணர்களும் இருக்கட்டும். நாள்தோறும் படிக்கட்டில் நின்று போகும் ஒரு தொழிலாளிக்கும், ஒரு பஸ் ஓட்டுநருக்கும் அங்கே நாற்காலி போடட்டும். காரிலே வந்து இறங்கிக் காரிலே ஏறிப் போகிறவர்கள் மட்டும் கூடி, பஸ்ஸைப் பற்றித் தீர்மானிப்பது, பசியறியாதவன் பந்தி பரிமாறுவது போலத்தான் இருக்கும்.

தோழர்களுக்கு ஒரு வேலை. வருகிற திங்கட்கிழமை முதல் ஒரு வாரம், உங்கள் வட்டத்துப் பஸ் நிறுத்தம் ஒவ்வொன்றிலும் இருவர் இருவராகக் காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை நில்லுங்கள். கொடி வேண்டாம், முழக்கம் வேண்டாம். கையிலே ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள், அவர்கள் எங்கே போக வேண்டியவர்கள், ஷேர் ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், எண்ணூர், மணலி, ஆவடி, ஒரகடம் தோழர்கள் கட்டாயம் எழுத வேண்டும். எழுதியதில் ஒரு படி மாமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். ஒரு படி சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். ஒரு படியை நமது அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நிறுத்தத்தின் பெயரோடு, நேரத்தோடு, நாள்தோறும் இந்தப் பக்கத்திலே வெளியிடுவோம்.